நூற்றிருபது கிலோ காற்று

பூட்டிய கிடங்கிலிருந்து, பூட்டில் ஒரு கீறல்கூட விழாமல், நூற்றிருபது கிலோ கஞ்சாவைக் கடல் காற்றை விட்டுத் திருடச் செய்தவன் நான். இந்த ஒரு வருடத்தில் காரைக்காலில் அறுநூறு பேரிடமாவது சொல்லியிருப்பேன். எல்லோரும் சிரித்தார்கள். ஒருவர் மட்டும் சிரிக்காமல், பொய் என்றார். அவருக்காகத்தான் எல்லாம் செய்தது.

1951. பிரெஞ்சுக்காரர் ஆட்சி. சர்க்கார் கஞ்சாக் கிடங்கில் நான் எடை போடுபவன். பொறுப்பாளர் திருஞானசம்பந்தம், சாவி அவரிடம். என் தங்கை பங்கஜவல்லியைப் பெண் கேட்டவர்கள் விசாரிக்க வந்தபோது அவர் சொன்னார்: "சுப்பையன் தங்கச்சியா? வயசையும் குறைச்சுத்தான் எடை போட்டிருப்பான், பாத்துக்குங்க."

வேடிக்கைக்குத்தான். வந்தவர்கள் அப்படியே திரும்பிக் கோட்டுச்சேரிக்கு பஸ் ஏறினார்கள். பிறகு யாரும் வரவில்லை. பங்கஜவல்லி அழவில்லை, தலையில் பூ வைப்பதை நிறுத்திவிட்டாள்.

அந்த மாசியில், போலகத்துக் கொல்லை ஒன்றில் பிடிபட்ட செடிகள் வண்டியில் வந்தன. எங்களுக்கு எப்போதும் வருவது காய்ந்து பக்குவமான கட்டு. பச்சையை அவர் பார்த்ததே இல்லை. பனி ஈரத்தோடு தராசில் ஏற்றினேன். நூற்றறுபது கிலோ. கையெழுத்துப் போட்டார்.

நெடி தாங்காமல் அவர் மூக்கைப் பொத்திக்கொண்டு வாசலிலேயே நிற்பார். ஜன்னல் கம்பியில் உட்கார்ந்த காக்கைகள் மூன்று நாள் கரைய மறந்து சிரித்தன. உள்ளே நான் கொத்துகளைத் தலைகீழாகத் தொங்கவிட்டு, வெயில் படாமல் காற்று மட்டும் பட வைத்தேன். காய்ந்ததும் தகரப் பெட்டிகளில் அடைத்து, தினம் ஒரு தடவை மூடியைத் திறந்து மூச்சு விட வைத்தேன். அவசரப்பட்டால் பூஞ்சை பிடிக்கும். பூஞ்சையைப் பார்த்தால் ஈரம் என்ற நினைப்பு எவனுக்காவது வந்துவிடும். நான் வெறுங்கையோடு வெளியே வந்ததற்கு அவரே சாட்சி.

எட்டு மாதம் கழித்து, செடி வளர்த்தவன் மேல் நடந்த வழக்கில் பெட்டிகளைத் திறந்தார்கள். எல்லோருக்கும் தெரிந்த கஞ்சாதான் இருந்தது. தராசு நாற்பது காட்டியது.

"ரெண்டும் என் கையால போட்ட எடைங்க. ரெண்டும் சரி" என்றேன். கோர்ட்டில் நான் ஒரு பொய்யும் சொல்லவில்லை. சாவி வைத்திருந்தவர் திருடினார் என்று அவருக்கு மூன்று வருடம் போட்டார்கள்.

சிறையில் அவர் யோசித்திருக்கிறார். சாவி வீட்டு ஆணியில் தொங்கும். மனைவி நீலாயதாட்சியின் அண்ணன் வந்து போகிறவன். வெளியே வந்த அன்றே அவளை விழிதியூருக்கு, பிறந்த வீட்டுக்கே அனுப்பினார். போன சித்திரையில் அவள் இறந்தாள். இவர் போகவில்லை. நான் போனேன், இருந்ததிலேயே பெரிய மாலையோடு.

அவள் இருந்தவரை நான் வாய் திறக்கவில்லை. திறந்திருந்தால் போய் மன்னிப்புக் கேட்டிருப்பார். அதுவும் ஒரு சந்தோஷம்தானே. இப்போது, மனிதர் உண்மை தெரியாமல் சாகக்கூடாதே என்ற நல்ல எண்ணத்தில் சொன்னேன்.

"புளுகாத சுப்பையா. பூட்டுன ரூம்ல எடை தானா எறங்குமா? அவ அண்ணன்தான் எடுத்தான்."

என் கொல்லையில் வாழைகளுக்கு நடுவே இருந்த செடியில் ஒரு கிலோ பச்சையாக வெட்டி, அவரையே நிறுக்கச் சொல்லி, அவர் வீட்டு உத்திரத்திலேயே கட்டினேன். இருபதாம் நாள் அவரே தராசைப் பிடித்தார். கால் கிலோ கல்லுக்கே தட்டு தயங்கியது.

கல்லை எடுத்துவிட்டு மறுபடி வைத்துப் பார்த்தார்.

"நீ சொன்னது நெசந்தான்" என்றார். "அப்ப நீலா சாவியக் குடுக்கல."