தாழ்ப்பாள் தீர்ந்துபோன ஊர்

அலையோசைக்கு மேலே குரல் எழுப்பிப் பழகிய இந்த அவையின் தலைவரே! படகு உரிமையாளர் சங்கத்தைப் பல்லாண்டு பாங்குடன் நடத்திவரும் பண்பாளரே! வீட்டில் எனக்கு மச்சான், மேடையில் எனக்குத் தலைவர் என்று இரண்டு மரியாதைக்கும் உரியவரே! கண்டிப்பும் கனிவும் கலந்த காவல் ஆய்வாளர் அவர்களே! கடலோடு மல்லுக்கட்டிக் களைத்து, கரையில் வந்து நமக்காகக் கவலைப்படும் பெரியவர்களே! விடிந்தால் கூடை, பொழுது சாய்ந்தால் குடும்பம் என்று எதையாவது சுமந்துகொண்டே இருந்துவிட்டு, இன்று ஒருநாளாவது நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்திருக்கும் தாய்மார்களே! இடம் கிடைக்காமல் சுற்றுச்சுவர் மீது ஏறி அமர்ந்திருக்கும் இளைய சிங்கங்களே! விழுந்துவிடாதீர்கள், அந்தச் சுவருக்குச் சிமெண்ட் என் கடையில் வாங்கவில்லை. உங்கள் அனைவருக்கும் இந்த ஹார்டுவேர் கடைக்காரனின் பணிவான வணக்கம்.

எனக்கு இன்று இட்டிருக்கும் பணி எளிமையானது. இதோ, எனக்குப் பின்னால் பட்டுத்துணி போர்த்தி ஒரு பலகை நிற்கிறது. நான் நாலு வார்த்தை வாழ்த்திப் பேச வேண்டும், இந்தக் கயிற்றை இழுக்க வேண்டும், துணி விலக வேண்டும், நீங்கள் கைதட்ட வேண்டும். பலகையில் என்ன எழுதியிருக்கிறது என்பது ஊருக்கே தெரியும். "குற்றமில்லா ஊர் உங்களை வரவேற்கிறது." இந்த ஆண்டு முழுவதும் நம் காவல் நிலையத்தில் ஒரு திருட்டுகூடப் பதிவாகவில்லையாம். மேலிடத்தில் பாராட்டு! பத்திரிகையில் படம்! பக்கத்து ஊர்க்காரர்களுக்குப் பொறாமை! கைதட்டுங்கள், தாராளமாகத் தட்டுங்கள்.

தட்டியாயிற்றா? நல்லது. இப்போது ஒரு வியாபாரியின் சந்தேகத்தைக் கேளுங்கள். குற்றமே இல்லாத ஊரில் என் கடையில் தாழ்ப்பாள் ஏன் தீர்ந்துபோனது? திருடனே இல்லாத தெருவில் பூட்டுக்கு ஏன் இத்தனை கிராக்கி? பயமே இல்லாத வீட்டில் பட்டப்பகலில் சன்னலுக்குச் சங்கிலி ஏன்? சரக்கு வந்து இறங்கிய அன்றே காலி! கேட்டு வந்தவர்களுக்கு "அடுத்த வாரம் வாங்க" என்று சொல்லிச் சொல்லியே எனக்கு வாய் வலிக்கிறது. என்னங்க, அங்கே சிரிப்பு? "உனக்கு லாபம்தானே"ன்னு சொல்றீங்களா? லாபம்தான் ஐயா. சோறு இறங்காத லாபம்.

நம் ஊர் எப்படிப்பட்ட ஊர் என்பதற்கு ஒரு கதை சொல்கிறேன், சிரிக்க வேண்டியவர்கள் இப்போதே சிரித்துக்கொள்ளுங்கள். நம்ம கொட்டாவியைத் தெரியாதவர் உண்டா? அதோ, அந்தத் தூணுக்குப் பக்கத்தில், இப்போதும் வாயைத் திறந்துகொண்டுதான் இருக்கிறார். கடலிலிருந்து திரும்பி மதியம் படுத்தால் அவரை எழுப்ப முடியாது. படகு எஞ்சின் பழுதானால் மெக்கானிக் தானே வந்து தானே கழற்றிக்கொண்டு போவது இங்கே வழக்கம், படுத்திருப்பவனை யாரும் எழுப்புவதில்லை. அப்படி ஒருநாள், அழுக்குச் சட்டையும் கையில் ஸ்பேனருமாக ஒருவன் வந்தான். எஞ்சினைக் கழற்றினான். தனியாகத் தூக்க முடியாமல் திணறினான். சத்தம் கேட்டுக் கண்விழித்த நம் கொட்டாவி என்ன செய்தார்? "பாத்துத் தூக்குப்பா, அடிபட்டுடப் போகுது"ன்னு சொல்லி, இவரே ஒரு பக்கம் பிடித்து வண்டியில் ஏற்றிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டார். சாயங்காலம் நிஜ மெக்கானிக்கிடம் போய், "என்னப்பா, எஞ்சின் ரெடியா?" என்று கேட்டபோதுதான் தெரிந்தது.

காவல் நிலையத்துக்குப் போனார். "நீயே தூக்கிக் குடுத்திருக்க. இதைத் திருட்டுன்னு எப்படி எழுதறது?" என்றார்கள். ஊரே சிரித்தது. அந்த எஞ்சின் திரும்பி வரவில்லை, கொட்டாவி இன்று அடுத்தவர் படகில் கூலிக்குப் போகிறார். ஆனால் அது பதிவாகவில்லை, பாருங்கள்! பதிவாகாததால் நடக்கவில்லை. நடக்காததால் நமக்குப் பலகை.

ஆய்வாளர் ஐயா கோபித்துக்கொள்ள வேண்டாம். உங்களை மட்டும் சொல்லி என்ன பயன்? எதுவானாலும் "கரையிலேயே பேசி முடிச்சுக்கலாம்" என்பது நாங்களே எங்களுக்குப் பாடிக்கொள்ளும் தாலாட்டு.

இனி சிரிப்பு வேண்டாம். தாய்மார்கள் பகுதியில், மூன்றாவது வரிசையில், வலது கையில் மாவுக்கட்டோடு ஒருவர் அமர்ந்திருக்கிறார். திரும்பிப் பார்க்காதீர்கள், அவருக்குக் கூச்சமாக இருக்கும். சங்கத்துக் கட்டடத்துக்குப் பின்தெருவில் குடியிருக்கும் தையல்கார அக்காதான். கணவர் இல்லை. ஒரே மகள். நம் வீட்டுப் பெண்களில் அவர் கையால் அளவெடுக்காத பெண் இருக்கிறாளா? நம் பிள்ளைகளின் பள்ளிச் சீருடையில் அவர் தைக்காத சட்டை இருக்கிறதா? அந்தக் கைதான் உடைந்திருக்கிறது.

நடந்தது என்ன? படகு வந்து சேர்ந்த மதிய நேரம். நம் தெருக்கள் அந்த நேரத்தில் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். ஆளாளுக்குத் தலையில் கூடை, கூடையிலிருந்து சொட்டும் தண்ணீர், "வழி, வழி" என்ற கூச்சல். தலையில் ஈரக்கூடையோடு ஒருவன் வந்தால் நாம் என்ன செய்வோம்? சட்டை நனையாமல் ஒதுங்குவோம். யாராவது அவன் முகத்தைப் பார்ப்போமா? மாட்டோம்! எந்த வீட்டுக்குள் நுழைகிறான் என்று கேட்போமா? கேட்க மாட்டோம்! கூடைக்காரன் என்றால் மீன் கொடுக்கப் போகிறான், அவ்வளவுதான். இது நம் ஊருக்கே உரிய குருட்டுத்தனம், அதை ஒருவன் நன்றாகத் தெரிந்துவைத்திருந்தான்.

தலையில் கூடை, முகத்தை மறைத்துத் தொங்கும் சாக்கு. தெருவே ஒதுங்கி வழிவிட, நடு மதியத்தில், அக்காவின் வீட்டுக்குள் நுழைந்தான். அவர் வாசலுக்கு முதுகு காட்டி மெஷினில் உட்கார்ந்திருந்தார். கழுத்துச் சங்கிலியைப் பின்னாலிருந்து இழுத்தான். அக்கா விடவில்லை. இழுத்த இழுப்பில் மெஷினோடு சேர்ந்து விழுந்தார், இரும்புச் சட்டம் மணிக்கட்டின் மேல் இறங்கியது. அவர் போட்ட கூச்சல் தெருக் கூச்சலில் கலந்துவிட்டது. அவன் அறுந்த சங்கிலியோடு, வெறுங்கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு வெளியே வந்தான். மறுபடியும் நாம் ஒதுங்கி வழிவிட்டோம்.

கையைத் துணியில் கட்டிக்கொண்டு அக்கா நிலையத்துக்குப் போனார். அவருக்குக் கிடைத்த பதில் என்ன தெரியுமா? "படியில வழுக்கி விழுந்ததா எழுதிக்கலாமாம்மா? விழா முடியட்டும், அப்புறம் பாத்துக்கலாம்." சங்கத்துக்கு வந்தார். இங்கே என்ன பதில்? "பலகை திறக்கிற நேரத்துல ஊர் மானத்தை வாங்காதம்மா." சொன்னது யார் என்று நான் சொல்லப்போவதில்லை, என் பக்கத்து நாற்காலி ஆடுவது உங்களுக்கே தெரிகிறது.

என்ன இது? துண்டுச் சீட்டு. "சுருக்கமாக முடிக்கவும்." முடித்துவிடலாம் மச்சான், கொஞ்சம் பொறுங்கள். மைக் செட்காரரே, அந்த ஸ்விட்சிலிருந்து கையை எடுங்கள். கையை எடுங்கள் என்றேன்! நன்றி.

இன்று காலை அக்கா என் கடைக்கு வந்தார். தாழ்ப்பாள் கேட்டு வந்திருக்கிறார் என்று நினைத்து, கடைசியாக இருந்த ஒன்றை எடுத்து நீட்டினேன். "உங்களுக்கு நானே வந்து மாட்டித் தர்றேன்க்கா, காசு வேண்டாம்" என்றேன். அவர் என்ன சொன்னார் என்பதைக் கேளுங்கள். "தாழ்ப்பாள் வேண்டாம் தம்பி. எங்க வீட்டுக்கு வெளிச்சமே வாசல் வழியாத்தான் வருது. கதவைச் சாத்திட்டா நான் எப்படித் தைப்பேன்? மெஷினை ஏத்திட்டுப் போக நாளைக்கு வேன் சொல்லியிருக்கேன். பெட்டி கட்டக் கயிறு மட்டும் குடு."

கயிறு கேட்டார் ஐயா! நம் ஊரைவிட்டுப் போக என்னிடமே கயிறு கேட்டார்! எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. கெட்டிக் கயிறு தீர்ந்துவிட்டது என்று பொய் சொல்லி அனுப்பினேன். எத்தனை நாளைக்கு இந்தப் பொய் அவரை நிறுத்தும்?

ஊரெல்லாம் தாழ்ப்பாள் போட்டுக்கொள்ளலாம். நான் விற்கிறேன், நீங்கள் வாங்குங்கள். ஆனால் கதவைத் திறந்துவைத்துத்தான் பிழைக்க முடியும் என்கிற ஒரு பெண்ணுக்கு நாம் எந்தத் தாழ்ப்பாளைக் கொடுப்போம்? அவருக்குத் தாழ்ப்பாள் இந்தத் தெருவின் கண்கள்தான்! அவருக்குக் காவல் இந்தத் தெருவின் வாய்தான்! அந்தக் கண் மூடிக்கொண்டது. அந்த வாய் பூட்டிக்கொண்டது. அந்தப் பூட்டு மட்டும் என் கடைச் சரக்கு இல்லை.

அப்படியானால் பார்த்தவர்களே இல்லையா? இருக்கிறார்கள்! முகத்தைப் பார்க்கவில்லை. கூடையைப் பார்த்தார்கள். கூடை ஒன்றோடொன்று கலந்துவிடக் கூடாது என்று ஒவ்வொரு படகுக்கும் ஒரு நிறம் அடிக்கிறோமே, அந்த நிறத்தைப் பார்த்தார்கள். தாழ்ப்பாள் வாங்க வந்த தாய்மார்கள் ஒவ்வொருவராக என் காதோடு சொன்னார்கள். "யார்கிட்டயும் சொல்லிடாதீங்கண்ணே, எங்க வீட்டுக்காரர் அந்தப் படகுலதான் வேலை செய்யறார்" என்றார்கள். நிறத்தைச் சொன்னால் படகு தெரியும். படகு தெரிந்தால் அன்று மதியம் கூடையோடு இறங்கிப்போய் வெகுநேரம் திரும்பாதவன் யார் என்று கூட வேலை செய்தவர்களுக்குத் தெரியும். இவ்வளவு கிட்டத்தில் இருக்கிறான் அவன்! இந்தக் கூட்டத்திலேயே உட்கார்ந்து கைதட்டிக்கொண்டும் இருக்கலாம். நாளைக்கு அவனுக்கு இன்னொரு வாசல், இன்னொரு முதுகு, இன்னொரு கழுத்து. அது உங்கள் மகளின் கழுத்தாக இருந்தால் நிறத்தைச் சொல்வீர்களா, மாட்டீர்களா?

அந்த நிறத்தை நான் சொல்ல முடியாது. நான் பார்க்கவில்லை, கேட்டவன்தான். கேட்டவன் சொன்னால் அது வதந்தி, பார்த்தவர் சொன்னால்தான் சாட்சி. ஆய்வாளர் ஐயா இங்கேயே இருக்கிறார். அன்றைக்கு ஒதுங்கி வழிவிட்டவர்கள், எழுந்து நின்று அதைச் சொல்லுங்கள். நான் காத்திருக்கிறேன்.

யாரும் இல்லையா?

இத்தனை பேர் இருக்கும் கூட்டத்தில் இவ்வளவு அமைதியா? ஏலத்தில் ஒரு கூடை மீனுக்குத் தொண்டை கிழியக் கத்துகிறோமே, இப்போது என்ன வந்தது நமக்கு?

யார் அது? அக்காவின் எதிர்வீட்டு அம்மாவா? ஐயா, அவர் கையைப் பிடித்து இழுக்காதீர்கள். விடுங்கள் ஐயா, உங்கள் மனைவிதான், பேசட்டும். என்னம்மா? இங்கே கேட்கவில்லை, சொல்லுங்கள், நான் மைக்கில் சொல்கிறேன். "நான் பாத்தேன். நான்தான் நகர்ந்து வழி விட்டேன்..." சொல்லுங்கம்மா... "பச்சைக் கூடை."

பச்சைக் கூடை. ஆய்வாளர் ஐயா, காதில் விழுந்ததா? இந்த ஊரில் பச்சை ஒரே ஒரு படகுக்குத்தான். அது என் மச்சானின் படகு, இந்த அவைத் தலைவரின் படகு. ஒவ்வொரு வருடமும் அந்தப் பச்சைப் பெயிண்ட்டை விற்பவன் நான். மச்சான், உங்களைத் திருடன் என்று என் நாக்கு ஒருநாளும் சொல்லாது. என் பிள்ளையை மடியில் வைத்து வளர்த்தவர் நீங்கள். இன்று வீட்டுக்குப் போனால் உங்கள் தங்கை எனக்குக் கதவைத் திறப்பாளா என்பதே சந்தேகம். ஆனால் உங்கள் படகில் ஏறி இறங்குகிறவன் ஒருவனை நீங்கள் மறைக்கிறீர்கள். ஊர் மானம் என்கிறீர்கள். எது மானம் மச்சான்? மறைப்பதா மானம்? கை உடைந்து வந்தவளை வாய் திறக்காதே என்று திருப்பி அனுப்புவதா மானம்?

அதோ, இன்னொருவர் எழுந்துவிட்டார். அந்த மூலையில் இன்னொரு அம்மா. கொட்டாவி, நீயுமா? பார்த்தாயா? பார்க்கவில்லை, ஆனாலும் நிற்கிறாயா? நில்லப்பா, நில்! உட்காராதே! ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுந்திருங்கள்! பார்த்தவர்கள் சாட்சிக்கு எழுந்திருங்கள், பார்க்காதவர்கள் அவர்களுக்குத் துணைக்கு எழுந்திருங்கள்!

அக்கா, நீங்களும் எழுந்துவிட்டீர்கள். அழாதீர்கள். உங்களுக்குக் கேட்கிறதா, இவர்கள் எல்லோரும் உங்களுக்காகத்தான் நாற்காலியைத் தள்ளுகிறார்கள்.

இந்தக் கயிற்றை நான் இழுக்கப்போவதில்லை. பலகையில் இருப்பது பொய்யாக இருக்கும்வரை அது போர்த்தியபடியே கிடக்கட்டும். இந்த மேடையிலிருந்து இறங்கினால் கூப்பிடு தூரத்தில் காவல் நிலையம். ஆய்வாளர் ஐயா, தொப்பியை எடுத்துக்கொண்டு முன்னே நடங்கள், அக்காவின் புகாரை அக்கா சொல்கிறபடியே எழுதுங்கள், எதிர்வீட்டு அம்மாவின் சாட்சியத்தை அதன் கீழே எழுதுங்கள். எழுதி முடிக்கும்வரை நாங்கள் வாசலில் நிற்போம்.

மச்சான் இன்னும் உட்கார்ந்திருக்கிறார். அவருக்காக நாம் தாமதிக்க வேண்டாம், வழி அவருக்கும் தெரியும்.

இவ்வளவு நேரம் பொறுமையோடு கேட்டீர்கள். எழுந்து நிற்பவர்களுக்கு என் நன்றி. உட்கார்ந்திருப்பவர்களுக்கு என் வணக்கம்.