சோளப்பொரி அடைத்த காற்றுவழி

இந்த அவைக்குத் தலைமையேற்று, நான் பேசி முடிக்கும்வரை பொறுத்திருக்கும் பொறுப்பையும் சேர்த்து ஏற்றிருக்கும் நூலக இயக்குநர் லாய் அம்மையார் அவர்களே, நேரம் கடந்தால் அடிப்பதற்கு மணியைக் கையருகே வைத்துக்கொண்டு அமர்ந்திருக்கும் துணை இயக்குநர் சுவோ ஐயா அவர்களே, பிள்ளைகளின் மெத்தையையும் மின்விசிறியையும் சுமந்து மூச்சிரைக்க மாடியேறி வந்திருக்கும் தந்தையரே, முதியோரே, அந்த மூட்டைகளுக்குள் யாரும் கேட்காமலே காய்ச்சல் மாத்திரையும் பன்றியிறைச்சித் துருவலும் வைத்துக் கட்டிய அன்னையரே, அன்னையர் அருகில் அமர வெட்கப்பட்டு நாலு நாற்காலி தள்ளி அமர்ந்திருக்கும் புதிய மாணவ மாணவியரே, அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

என் பெயர் யூ. இந்த நூலகத்தின் கணினிப் பிரிவு என்னுடையது. பிரிவு என்றதும் அங்கே பலர் இருப்பார்கள் என்று எண்ணிவிடாதீர்கள். பிரிவு நான்தான்.

எனக்குத் தந்த தலைப்பு ‘வீட்டிலிருந்தே நூலகம்: நம் இணையச் சேவைகள்’. அழகான தலைப்பு. அடுக்கடுக்காய்ப் படங்கள் தயாரித்து வந்திருக்கிறேன். படுக்கையில் படுத்தபடி பாரிஸ் நகரத்து ஆய்விதழைப் படிக்கலாம். பேருந்தில் வந்துகொண்டே வாசிப்பு மண்டபத்தில் இருக்கை பிடிக்கலாம். விரலை அசைத்தால் நூல் வரும், விழியை அசைத்தால் விளக்கம் வரும். எல்லாம் உண்மை. ஆனால் அந்த விரலுக்கும் நூலுக்கும் நடுவில் யார் நிற்கிறார்கள்? வாசல் அட்டை திறக்கவில்லையா, யூ. கடவுச்சொல் மறந்ததா, யூ. ஆய்விதழ் ஆட்டம் காண்கிறதா, யூ. அச்சுப்பொறி காகிதத்தைக் கடித்து வைத்ததா, அதற்கும் யூ.

போன மாதம் ஒரு பேராசிரியர் வீட்டிலிருந்து அழைத்தார். “யூ, நூலகமே காணோம்.”

“நூலகம் இருந்த இடத்துலதான் இருக்கு ஐயா. நான் அதுக்குள்ள உக்காந்துதான் பேசறேன். உங்க திரையில என்ன தெரியுது?”

“ஒண்ணும் தெரியல. நேத்துலேருந்து பூனையையும் காணோம்.”

“கம்பியப் பாத்தீங்களா ஐயா?”

கம்பியைப் பார்த்தார். கடித்த பல்லின் தடம் இருந்தது. பூனையும் கட்டிலுக்கடியில் அகப்பட்டது. சிரிக்கிறீர்கள். நானும் சிரித்தேன். இதெல்லாம் சிரித்துக் கடக்கக்கூடிய சிக்கல்கள்.

சிரித்துக் கடக்க முடியாத ஒன்றைச் சொல்லத்தான் இன்று படங்களை ஓரமாக வைக்கிறேன்.

ஜூலை முப்பத்தொன்று. முதுநிலை மாணவர்களுக்கு அது என்ன நாள் என்று மூத்த பிள்ளைகளைப் பெற்றவர்களுக்குத் தெரியும். ஆய்வேட்டை நூலகத்தின் தளத்தில் ஏற்றவேண்டும். நான் சரிபார்த்து ஒப்புதல் தரவேண்டும். அந்த ஒப்புதல் பதிவாளர் அலுவலகத்துத் திரையில் தெரியவேண்டும். மாலை ஐந்து மணிக்குள் தெரிந்தால் பட்டம். தெரியாவிட்டால் மறுநாள் தொடங்கும் அடுத்த பருவம்.

அன்று மதியம் கடைசியாக வந்தவர்களில் ஒருத்தி பெய்-ஷான். பகலில் மாற்று ஆசிரியை, இரவில் ஆய்வு மாணவி, இரண்டுக்கும் நடுவில் ஒரு தாய். வருடக்கணக்காக எழுதி எழுதித் தோற்ற ஆசிரியர் தேர்வில் இந்த ஆண்டுதான் தேறியிருந்தாள். தைத்துங் மலைப்பக்கத்தில் ஒரு சின்னப் பள்ளிக்கூடம். நிரந்தர வேலை. ஒரே ஒரு நிபந்தனை, பட்டச் சான்றிதழில் ஜூலை முப்பத்தொன்றாம் தேதி இருக்கவேண்டும். மறுநாள் தேதி இருந்தால் அந்த இடம் அவளுடையதில்லை.

ஏடு திருத்தமாக இருந்தது. அதை ஏற்றிக்கொண்டிருக்கும்போதே திரை நின்றது. என் திரையும் நின்றது. வாசிப்பு மண்டபம் முழுவதும் ஒரே நேரத்தில் “ஐயோ” என்றது.

கீழ்த்தளத்துக்கு ஓடினேன். தளத்தை ஓட்டும் கணினிப் பொறிகள் இருக்கும் அறையைத் திறந்து ஒன்றைத் தொட்டால் அடுப்பங்கரைச் சூடு. குளிரூட்டி குறையில்லாமல் ஓடுகிறது, குளிர்ந்த காற்று அறையெங்கும் திரிகிறது, பொறிகள் மட்டும் கொதித்து அணைந்து கிடக்கின்றன. ஏன்?

அன்பர்களே, அந்தப் பச்சைப் பொட்டலத்தைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லவேண்டுமா? தேங்காய் மணக்கும் சோளப்பொரி. ‘சமத்தா இரு’ என்று பெயரிலேயே சொல்லி வைத்திருக்கும் பொரி. நம் நாட்டில் வங்கியில் பணப்பொறியின் தலையில் அது இருக்கும், மருத்துவமனையில் கருவியின் காலடியில் அது இருக்கும். பச்சையாக இருக்கவேண்டும், மஞ்சள் ஆகாது. கெடுநாள் தாண்டக்கூடாது. யாரும் தின்னக்கூடாது. இருந்தால் பொறி சொன்னபடி கேட்கும். என் அறையிலும் பொறிக்கு ஒன்றாக, மேல்தட்டில், மரியாதையாக வைத்திருந்தேன். ஏழாம் மாதத்தில் ஆவிகளுக்கு நானும் படையல் மேசை போடுகிறவள்தான். நம்பிக்கையைப் பழிக்க நான் இங்கே வரவில்லை.

ஆனால் அன்று காலை, கடைசி நாள் ஆயிற்றே என்ற கவலையில், பெரியவர் ஒருவர் அட்டைப்பெட்டி நிறையப் பொட்டலம் வாங்கி வந்திருக்கிறார். ஒவ்வொரு பொறிக்கும் முன்முகத்தில், மேலிருந்து கீழ்வரை, இடுக்கு விடாமல், விழுந்துவிடக்கூடாதே என்று ஒட்டுநாடா போட்டு ஒட்டியிருக்கிறார். பொறி மூச்சை இழுப்பது எதனால்? அந்த முன்முகத்தால். அந்தச் சல்லடைத் துளைகளால். காக்க வந்த பொட்டலம் கழுத்தை நெரித்தது. கவலைதான் காற்றை அடைத்தது.

நான் ஒன்றைப் பிய்த்தேன். வாசலில் நின்ற அவர் பதறினார்.

“யூ, அதை மட்டும் தொடாதம்மா. இப்பவே பேச்சு மூச்சில்லாமக் கெடக்கு. இதையும் எடுத்துட்டா?”

“மூச்சு விட முடியாமத்தான் ஐயா கெடக்கு.”

“தேதி பாத்துப் பாத்து வாங்கினதும்மா. ஒண்ணுகூட மஞ்சள் இல்ல.”

“இருக்கட்டும் ஐயா. அந்தப் பக்கத்து நாடாவ நீங்க பிய்ங்க.”

“நானா? நான் மாட்டேன். எனக்கு இன்னும் ஓய்வு பெற நாள் இருக்கு.”

நடைவழியில் மாணவர்கள் கூடிவிட்டார்கள். பிய்த்ததை வாங்கி வைத்துக்கொள்ளக்கூட யாரும் கை நீட்டவில்லை. ஒருவன் சொல்கிறான், “அக்கா, நான் வேணா கும்புட்டு மன்னிப்புக் கேக்கறேன், நீங்க எடுங்க.” இவர்கள் கணினியியல் துறை மாணவர்கள். நான் என்ன செய்ய? எல்லாவற்றையும் பிய்த்து வாரித் தரையில் போட்டேன். பெய்-ஷான் மட்டும் குனிந்து ஒவ்வொன்றாக எடுத்து ஓரமாக அடுக்கினாள்.

“அக்கா, இன்னைக்குள்ள ஆயிடும்ல?” என்றாள்.

“மொதல்ல ஆறட்டும்” என்றேன். சூடான பொறியைச் சட்டென்று எழுப்பினால் உள்ளே இருப்பது உருக்குலையும். ஆறவிட வேண்டும். ஆறவிட்டேன். அதற்குள் என் மகள் இருக்கும் குழந்தைகள் காப்பகத்திலிருந்து எனக்கு அழைப்பு.

“ஆன்-ஆன் அம்மா, இன்னைக்கும் நேரமாகுமா?”

“கொஞ்சம் பாத்துக்கங்க அக்கா. இங்க ஒரு பொறிக்குக் காய்ச்சல்.”

“இங்க உங்க பொண்ணுக்கும் லேசா இருக்கு.”

மணி அடிக்கிறீர்கள் ஐயா. கேட்கிறது. முடிக்கப் போகிறேன். அன்னையர் வரிசையில் என்னவோ சொல்கிறார்கள். “பேசட்டும், விடுங்க” என்கிறார்கள். நன்றி அம்மா.

பொறி எழுந்தது. எப்போது எழுந்தது? ஐந்து அடித்து ஓய்ந்த பிறகு எழுந்தது. ஒப்புதலை அழுத்திவிட்டுப் பெய்-ஷானைக் கையோடு இழுத்துக்கொண்டு பதிவாளர் அலுவலகத்துக்கு ஓடினேன். சன்னலில் இருந்த எழுத்தர்ப் பெண் திரையைத் திருப்பிக் காட்டினாள்.

“அக்கா, எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு. அஞ்சுக்குத் தானாப் பூட்டிக்குது. நான் பூட்டல. இனிமே அடிச்சா நாளைத் தேதிதான் விழும்.”

பெய்-ஷான் அழவில்லை. “பரவால்லக்கா, நீங்க பாப்பாவப் போய்க் கூப்புடுங்க” என்றாள். அவள் அழுதிருந்தால்கூட நான் தாங்கியிருப்பேன்.

சரி, விபத்து. மனிதர் கையால் நேர்ந்த விபத்து. யாருக்கும் நேரும். அதற்கு நம் விதியிலேயே வழி இருக்கிறது. தவறு நூலகத்துடையது என்று நூலகம் எழுதிக் கொடுத்தால், கல்விக் குழு தேதியைத் திருத்தித் தரலாம். ஒரே ஒரு வரி. அந்த ஒரு வரிக்காகக் கூட்டம் கூடியது.

கூட்டத்தில் என்ன பேசினார்கள் தெரியுமா? பொறிக்கு எத்தனை பொட்டலம் போதும் என்று பேசினார்கள். கெடுநாளை யார் கண்காணிப்பது என்று பேசினார்கள். அடுத்த ஆண்டுக்கு முன்கூட்டியே வாங்கி வைப்பது என்று முடிவெடுத்தார்கள். நான் கையைத் தூக்கித் தூக்கி ஓய்ந்தேன். “காரணம் எழுதணுமே ஐயா” என்றேன், கூட்டத்தில் மூத்தவர் ஒருவரிடம்.

“எப்படிம்மா எழுதறது? சோளப்பொரி காத்த அடச்சுதுன்னா? அடுத்த பல்கலைக்கழகத்துக்காரன் வயித்தப் புடிச்சிக்கிட்டுச் சிரிப்பான்.”

“சிரிச்சிட்டுப் போகட்டும் ஐயா.”

“நாளைக்குப் பத்திரிகைக்காரன் வாசல்ல நிப்பான். வேற ஏதாவது யோசி.”

வேறு ஏதோ யோசித்தார்கள். யோசித்து எழுதினார்கள். என்ன எழுதினார்கள்? ‘மாணவர் தரப்புத் தாமதம்’ என்று எழுதினார்கள்.

யார் தாமதம்? பகலெல்லாம் பாடம் நடத்தி, பிள்ளையைத் தூங்கவைத்துவிட்டு எழுதியவளா தாமதம்? மதியமே வந்து வாசலில் நின்றவளா தாமதம்? தரையில் கிடந்த பொட்டலத்தைக்கூட மிதிக்காமல் எடுத்து அடுக்கியவளா தாமதம்? பொறி பொய் சொல்லவில்லை அன்பர்களே. எத்தனை மணிக்குச் சூடேறியது, எத்தனை மணிக்கு அணைந்தது என்று அது அப்படியே சொல்கிறது. பொய் சொன்னது நாம். நம் முகத்தைக் காக்க ஒரு பெண்ணின் முதுகில் எழுதினோம்.

தைத்துங் பள்ளித் தலைமையாசிரியர் என்னிடமே பேசினார். “பள்ளிக்கூடம் தொறக்கிற வரைக்கும் இடத்த வச்சிருக்கேம்மா. தேதி மட்டும் சரியா வந்துரணும்.” பள்ளி திறப்பது வரும் திங்கள். கல்விக் குழு கூடுவது நாளை. அதனால்தான் இன்று, இந்த மேடையில், இந்த அன்னையர் முன்னால்.

எனக்குப் பயம் இல்லையா? இருக்கிறது. ஆண்டுக்கு ஆண்டு ஒப்பந்தம் புதுப்பிக்கப்படுகிறவள் நான். வீட்டில் ஒரு வாரமாக இருமுகிற பிள்ளை. இதைச் சொன்னால் என்ன ஆகும் என்று எண்ணி எண்ணி உறக்கம் போனவள். ஆனால் உங்கள் பிள்ளைகளை என் தளத்தை நம்பி விட்டுப்போகச் சொல்லி உங்களிடம் கேட்கத்தானே என்னை இங்கே நிறுத்தியிருக்கிறார்கள்? எதை நம்பச் சொல்வேன்? பொறி நிற்கும், நான் எழுப்புவேன். கம்பி அறும், நான் கட்டுவேன். ஆனால் பொறி நின்றால் பழி பிள்ளைமேல் விழும் என்றால், எந்த வாயால் வாருங்கள் என்பேன்? எந்த முகத்தோடு வரவேற்பேன்?

இயக்குநர் அம்மா, வேறெதுவும் கேட்கவில்லை. எனக்கு ஆள் வேண்டாம், அறை வேண்டாம், பாராட்டு வேண்டாம். அந்த வரியை அடித்துவிட்டு உண்மையை எழுதுங்கள்.

இயக்குநர் அம்மா கேட்கிறார்: “யார் ஒட்டினதுன்னு அதுல வரணுமேம்மா?”

பெயரை நான் சொல்லமாட்டேன் அம்மா. நல்லெண்ணத்தில் செய்தவர். அவருக்கும் பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். பெயர் என் வாயிலிருந்து வராது.

சற்றுப் பொறுங்கள். துணை இயக்குநர் ஐயா எழுந்து நிற்கிறார். ஒலிவாங்கி வேண்டுமா ஐயா? வேண்டாம் என்கிறார். பின்வரிசைக்குக் கேட்டதா? கேட்கவில்லையா? அவர் சொன்னதை அப்படியே சொல்கிறேன்: “நான்தான் ஒட்டினேன். எம்பேரையே போட்டுக்கங்க. அந்தப் பொண்ணு பேர எடுத்துருங்க.”

கை தட்டாதீர்கள், தயவுசெய்து. இயக்குநர் அம்மா எழுதிக்கொண்டிருக்கிறார். அவர் கை நிற்கக்கூடாது. ஆமாம் அம்மா, ‘நூலகப் பொறியின் காற்றுவழி அடைபட்டதால்’ என்பது போதும். எதனால் அடைபட்டது என்பதையுமா? எழுதுங்கள் அம்மா, சோளப்பொரி என்றே எழுதுங்கள். தேதி, ஜூலை முப்பத்தொன்று.

பொறுமையோடு கேட்ட பெரியோருக்கும், பேச விடுங்கள் என்ற அன்னையருக்கும், எழுந்து நின்ற ஐயாவுக்கும் என் நன்றி. நூலகம் நாளைக் காலை எட்டு மணிக்குத் திறக்கும். நம்பி வாருங்கள் பிள்ளைகளே. வணக்கம்.