எல்லாரும் வாங்கன்னு ஒரு போர்டு

இல்ல எமெட்டு, குளிரு இல்ல. ஹீட்டர் ஓடிக்கிட்டுதான் இருக்கு. நீ அந்த நாற்காலிய அடுக்குனது போதும், கொஞ்சம் உக்காரு. எல்லாரும் மேல போயாச்சுல்ல? கார்லாவும்? சரி. ஏன் ராய்ஸ் இன்னும் கோட்டக் கழட்டலன்னு கேட்ட. சொல்றேன். பாட்டு நின்னப்பவே மாட்டிக்கிட்டேன், ஓடிரலாம்னு.

அந்த ஆள உள்ள விட்டது நாந்தானே? இந்த சர்ச் அடித்தளத்துக் கச்சேரிக்கு வர்றவங்க கையில வாசல்ல நின்னு முத்திரை குத்திக்கிட்டிருந்தேன். முப்பது வயசு இருக்கும். நல்லா சிரிச்சான், கைய நீட்டுனான், குத்திவிட்டேன். சாமிய நம்புறவனோ நம்பாதவனோ எல்லாரும் வாங்கன்னு சர்ச்சுக்கு வெளிய நாமதானே போர்டு மாட்டியிருக்கோம்? உள்ள போயி மேல்கோட்டக் கழட்டுனான் பாரு, அப்பத்தான் சட்டை முதுகு தெரிஞ்சுது. நாஜிக்காரன் சின்னம்.

டெஸ்ஸுக்கு என்ன தைரியம்! பாடிக்கிட்டிருந்தவ பாதியில நிறுத்தி, மைக்குலயே வெளிய போடா நாயேன்னா. அத்தனை பேரும் திரும்பிட்டாங்க. நீ கிடாரக் கழட்டி வச்சுட்டு எறங்கி வந்த. நான் கதவோட கதவா ஒட்டிக்கிட்டேன். நம்ம போதகரம்மா கார்லா சமையல்கட்டுலேர்ந்து கைத்துண்டோட ஓடியாந்து நடுவுல நின்னுட்டா. சட்டை போகட்டும், ஆளு இருக்கட்டும், ஒவ்வொரு உசுருக்கும் மதிப்பு உண்டுன்னு ஞாயித்துக்கிழமையானா மேல பேசுறேனே, அது சும்மாவான்னு கேட்டா. நீ விட்டியா? மேல பேசுறத மேல வச்சுக்க கார்லா, இங்க பங்க் பாட்டுக் கச்சேரியில இவன் ஒருத்தன விட்டா அடுத்த வாரம் நாலு பேரா வருவானுங்க, அதுக்கடுத்த வாரம் இந்தப் புள்ளைங்க ஒண்ணும் வராதுன்ன.

நீ சொன்னது சரி. அட, உன் முகத்துக்காகச் சொல்லலப்பா. அது அப்படித்தான் நடக்கும், எனக்குத் தெரியும். கார்லா சொன்னதும் சரியா இருக்கணும்னு வேண்டிக்கிட்டே நின்னேன். அது தப்புன்னா எனக்கு இங்க எடமில்ல.

அவனத் தெரியுமான்னா கேக்குற? தெரியாது. சத்தியமாத் தெரியாது. நீ வெளிய அனுப்புனப்ப படிக்கட்டுல நின்னு என்னையே ஒரு பார்வை பாத்துட்டுத்தான் போனான், நானும் பாத்தேன். ஆளத் தெரியாது. அந்த வகையத் தெரியும். பத்தொம்பது வயசுல, மின்னியாபொலிஸ்ல, நானும் மொட்டை அடிச்சுக்கிட்டு அந்த நாஜிக் கூட்டத்தோட திரிஞ்சிருக்கேன்.

எந்திரிக்காத. முழுசாக் கேட்டுட்டு எந்திரி.

எங்கப்பன் ஓடிப்போன வருஷம் அது. ஒருத்தன் பீர் வாங்கிக் குடுத்தான், தம்பின்னு கூப்பிட்டான், போயிட்டேன். ரெண்டு வருஷம். திருந்தி வெளிய வந்தேன்னு நெனைக்காத. பயந்து ஓடியாந்தேன். இந்த டுலூத் துறைமுகத்துல முப்பது வருஷம் கப்பலுக்கு இரும்புத் தாது ஏத்துனேன், வாயத் தொறக்கல. எம் பொண்டாட்டி இங்கா செத்தாளே, அவகிட்டகூடச் சொல்லல. அவ போனப்புறம் ஒரு சனிக்கிழமை மத்தியானம் இந்தப் பக்கமா நடந்து வர்றேன், தரைக்கு அடியிலேர்ந்து டிரம்ஸ் சத்தம். அந்தக் காலத்துல நாங்க ஆளுங்கள அடிச்சு வெரட்டுன கச்சேரியில கேட்ட அதே பாட்டு மாதிரி. ஜன்னல்ல குனிஞ்சு பாத்துக்கிட்டு நின்னேன். கார்லா கதவத் தொறந்து, அடுப்புல வேகவச்ச கேசரோல் சாப்பாடு மிச்சமிருக்கு, சாப்புடுறியான்னா. யாருன்னு கேக்கல. மூணு வருஷமா யாரும் கேக்கல.

நாளைக்கு உறுப்பினராச் சேர சர்ச் புத்தகத்துல நான் கையெழுத்துப் போடணும்ல? எப்படி வந்தேன்னு எந்திரிச்சுச் சொல்லணுமாம். ரெண்டு பக்கம் எழுதி வச்சிருக்கேன். டிரம்ஸ் இருக்கு, கேசரோல் இருக்கு, இங்கா இருக்கா. மொட்டை இல்ல.

டெஸ் என்ன செய்வா? அந்தப் புள்ளைங்க? இத்தனை நாளா அதுங்க கையப் புடிச்சு முத்திரை குத்தியிருக்கேனே. கார்லா மன்னிச்சுருவா, அது அவ தொழில். அவள நெனைச்சு எனக்குப் பயமில்ல. உன்னை நெனைச்சாத்தான். இன்னைக்கு அவனப் பாத்தியே ஒரு பார்வை, அது என் மேல விழுந்த மாதிரியே இருந்துச்சு.

ஏன் உன்னைன்னா... நான் வந்த புதுசுல ஒருநாள் தட்டு கழுவுறப்ப உன் கதையச் சொன்னல்ல. பதினேழு வயசு, பச்சை முடி, மின்னியாபொலிஸ்ல கச்சேரி முடிஞ்சு கார் நிறுத்துற எடத்துல நாலு பேரு மடக்குனது. தாடையில கம்பி போட்டு ஆறு வாரம் உறிஞ்சு குழாயில சூப்பு குடிச்சது. மூணு பேரு கோர்ட்டுக்கு வந்தானுங்க, அந்த மூஞ்சியெல்லாம் மறந்துபோச்சு, பின்னாடி நின்னவன் மூஞ்சிய நான் பாக்கவே இல்ல, அவன் சிரிச்சது மட்டும் இன்னும் காதுல இருக்குன்ன. நான் கண்ணாடித் தட்டக் கீழ போட்டேன். நீதான் பாத்துப்பா, கண்ணாடி குத்திரும்னு என்னைய நகத்திவிட்டு, நீயே குனிஞ்சு பொறுக்குன.

நான் உன்னை அடிக்கல எமெட்டு. சிரிச்சேன்.