வெறும் வயிறு

நர்ஸ்: கடைசியா எப்பம்மா சாப்பிட்டாரு உங்க வீட்டுக்காரரு?

அக்கா: ராத்திரி எட்டு மணிக்கு, அரை டம்ளர் பால். அதையும் கெஞ்சித்தான் குடிக்க வெச்சேன்.

நர்ஸ்: நல்லா யோசிச்சு சொல்லுங்க. அதுக்கப்புறம்?

அக்கா: பச்சைத் தண்ணி கூட இல்ல சிஸ்டர். வெறும் வயித்தோட வரணும்னு நீங்கதானே எழுதிக் குடுத்தீங்க? ஏன்... குழாய் விட்டுப் பாத்து முடிச்சாச்சா?

நர்ஸ்: எங்க முடிக்கறது! பாதியிலயே உருவிட்டாங்க. வயிறு ரொம்பி இருக்கு.

அக்கா: ரொம்பியா? என்ன ரொம்பி?

நர்ஸ்: சாப்பாடு. திரையில நானே பாத்தேன். ரொட்டி, முட்டை, பட்டாணி... பட்டாணி தோல் கூட உரியாம முழுசு முழுசா கெடக்கு. மனுஷன் மெல்லவே இல்ல போல.

அக்கா: ஐயோ! கேட்டியாடி? மூணு மாசமா ரெண்டு வாய்க்கு மேல இறங்கலைங்கற மனுஷன் வயித்துல பட்டாணியாம்!

தங்கச்சி: ஆளை மாத்திப் பாத்திருப்பாங்கக்கா.

நர்ஸ்: உள்ள இருக்கறதே ஒரு ஆளுதாம்மா.

தங்கச்சி: அப்ப... முந்தாநாள் தின்னது ஏதாவது தங்கியிருக்கும்.

நர்ஸ்: அதுக்குத்தான் டாக்டரே பயப்படறாரு.

அக்கா: டாக்டரே பயப்படறாரா?

நர்ஸ்: இங்க பாருங்கம்மா. முழுங்கின சாப்பாடு பத்து செகண்டுல இரைப்பைக்கு வந்துடும். அது அமிலத்தை ஊத்தி மாவாட்டற மாதிரி ஆட்டும். நாலு மணி நேரம், மிஞ்சினா அஞ்சு. கூழானதும் கீழ இருக்கற சின்ன வாசல் கொஞ்சம் கொஞ்சமா திறந்து சிறுகுடலுக்கு அனுப்பும். இருபதடி நீளம் அது. சத்தை உறிஞ்சறதெல்லாம் அங்கதான்.

அக்கா: சரி...

நர்ஸ்: ராத்திரி தின்னது காலையில இரைப்பையில இருக்கக் கூடாது. இருந்தா, அந்த வாசல்ல அடைப்புன்னு அர்த்தம்.

அக்கா: எது... எது அடைக்குது?

நர்ஸ்: கட்டியா இருக்கலாம். உடனே ஸ்கேன் எடுக்கணும், மூக்கு வழியா குழாய் போடணும், தேவைப்பட்டா ஆபரேஷன். அவரு மயக்க ஊசியில இருக்காரு, நீங்கதான் போடணும். இந்தாங்க, இங்க கையெழுத்து.

அக்கா: கடவுளே, நான் பயந்தது நடந்துடுச்சே! நீ ஏண்டி மரம் மாதிரி நிக்கற? பேனா எடுக்கறேன், அந்தக் காகிதத்தையாவது பிடி...

தங்கச்சி: போடாதக்கா.

அக்கா: என்ன?

தங்கச்சி: கையெழுத்து போடாத. அங்க ஒரு அடைப்பும் இல்ல.

நர்ஸ்: நீங்க என்ன டாக்டரா?

தங்கச்சி: மாமா காலையில ஆறரைக்குத்தான் சாப்பிட்டாரு.

அக்கா: உளறாத. ஆறு மணிக்கே அவரு நடக்கப் போயிட்டாரு. வந்ததே ஏழரைக்கு.

தங்கச்சி: என் வீட்டுக்குத்தான் நடந்தாரு.

அக்கா: உன் வீட்டுக்கா?

தங்கச்சி: இன்னைக்கு வேணாம், வெறும் வயித்தோட போங்கன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன். முழுங்கினா அப்பவே குடலுக்குப் போயிடும், குழாய் வரும்போது உள்ள என்ன இருக்கப் போகுதுன்னாரு. நேரமாச்சுன்னு அள்ளி அள்ளிப் போட்டுக்கிட்டாரு.

நர்ஸ்: அடப்பாவமே! மயக்கத்துல வாந்தி வந்து நுரையீரலுக்குள்ள போயிருந்தா? உயிரோட விளையாடறீங்களா?

அக்கா: இருங்க சிஸ்டர். எத்தனை நாளாடி?

தங்கச்சி: மூணு மாசம்.

அக்கா: காலையில மட்டுமா?

தங்கச்சி: ...சாயங்காலமும்.

அக்கா: புத்துநோயா இருக்குமோன்னு நான் தலையணை நனைய அழுதேன். நீ பக்கத்துல உக்காந்து கண்ணைத் தொடச்சு விட்டியேடி!

தங்கச்சி: அக்கா...

அக்கா: என் சமையல்ல அப்படி என்னடி குறை?

தங்கச்சி: சமையல்ல ஒரு குறையும் இல்லக்கா.

நர்ஸ்: சரி சரி, எழுதிக்கறேன். காலை ஆறரைக்கு உணவு... யாரு சொன்னதுன்னும் எழுதணும். நீங்க அவருக்கு என்ன வேணும்?

தங்கச்சி: ...

நர்ஸ்: உங்களைத்தாம்மா. மச்சினிதானே?

தங்கச்சி: அக்கா... அக்கா, எங்க போற? என்னைத் திரும்பிப் பாரேன்... அக்கா! ரெண்டு வார்த்தை திட்டிட்டாவது போயேன்!