நான் திருப்பிவிட்ட புகைக்குழாய்

நம் வணிகர் சங்க விழாவுக்குத் தலைமையேற்றிருக்கும் தகைசால் பெரியவர் ராமசுப்ரமணியன் அவர்களே! ஆரியசாலைக்கு அழகு சேர்க்கும் வணிகப் பெருமக்களே! மூட்டையோடு எங்கள் மானத்தையும் சுமக்கும் தோழர்களே! அடுப்படியை விட்டு அரங்கத்துக்கு வந்திருக்கும் அன்னையரே! உங்கள் அனைவரையும் வணங்குகிறேன். ஆனால் எவரையும் நம்பவில்லை.

சிரிக்காதீர்கள். மிளகாய் மண்டி சொரிமுத்து சந்தேகப் பேர்வழி என்று ஊரே சொல்கிறது. வத்தலில் ஈரம் இருக்குமோ என்று சந்தேகம். எடையில் குறை இருக்குமோ என்று சந்தேகம். இதோ, கரண்டு போனதும் மேடைக்குப் பின்னால் உறுமத் தொடங்கியதே ஜெனரேட்டர், அதன் மேலும் சந்தேகம்! அதன் புகை எங்கே போகிறது? யாராவது பார்த்தீர்களா?

என் மண்டியின் பின்னறையில் பத்தாண்டுகளாக மூட்டை தைப்பவர் வன்னியபெருமாள். மனைவி கௌசல்யா. மணமாகி ஏழாண்டு, மடியில் மழலையில்லை. யார் மேல் சந்தேகம் வந்தது? அவர் மேலா? எப்படி வரும், மீசை இருக்கிறதே! ஸ்கேன் யாருக்கு? கௌசல்யாவுக்கு. மருந்து யாருக்கு? கௌசல்யாவுக்கு. ஆற்றுகால் அம்மன் கோவிலில் ஆண்டுதோறும் அனல் வெயிலில் பொங்கலிட்டது யார்? கௌசல்யா! கடைசியில் வன்னியபெருமாளுக்கு மறுதாரம் பார்க்கக் களக்காட்டுக்குக் கார் ஏறிப் போனது யார்? நான்! நானேதான்!

என்ன தம்பி? மேடையில் பேரைச் சொல்லலாமா என்கிறீர்களா? இருவரிடமும் கேட்டுவிட்டுத்தான் வந்தேன். கௌசல்யா சொன்னாள்: "மலடின்னு பேசும்போ எம்பேரச் சொல்லித்தான பேசுனிய அண்ணாச்சி? இப்பமும் பேரச் சொல்லியே பேசுங்க."

புதிதாக வந்த மலையாள லேடி டாக்டர் அவளுடைய பழைய ரிப்போர்ட்டையெல்லாம் தள்ளி வைத்தார். "இவளுக்கு எடுத்ததெல்லாம் போதும். பர்த்தாவைக் கூட்டிட்டு வா, கேட்டோ!" என்றார். அவரைக் கூட்டிக்கொண்டு நானும் போனேன். பரிசோதித்தால் விந்தணு எண்ணிக்கை குறைவு, ஓட்டமும் குறைவு. பீடி உண்டா? இல்லை. குடி உண்டா? இல்லை. வேலை செய்யும் இடத்தில் புகை உண்டா? வன்னியபெருமாள் என்னைத் திரும்பிப் பார்த்தார். ஐயா, அந்தப் பார்வை!

நம் வீதியில் ஒரு வழக்கம் உண்டல்லவா? வாடிக்கையாளர் முகத்தில் புகை படக் கூடாதென்று ஜெனரேட்டர் குழாயைப் பின்பக்கம் திருப்பிவிடுவோம். பின்பக்கம் யார் இருக்கிறார்கள்? நம் ஆட்கள்! எஞ்சினை அணைக்காமல் சந்தில் நிற்கும் லாரிகளின் புகை போதாதென்று இதையும் அவருக்குக் கொடுத்தேன். ஈரத்தைச் சந்தேகித்தேன், எடையைச் சந்தேகித்தேன், ஒரு பெண்ணின் வயிற்றைச் சந்தேகித்தேன். நான் திருப்பிய குழாயை மட்டும் சந்தேகிக்கவில்லை! வெட்கமாக இருக்கிறது.

புகைதான் காரணம் என்று டாக்டர் அடித்துச் சொல்லவில்லை. இருக்கலாம், குழாயை மாற்றி மூன்று மாதம் கழித்து வாருங்கள் என்றார். மாற்றினேன். போன வாரப் பரிசோதனையில் எண்ணிக்கை கொஞ்சம் கூடியிருக்கிறது. பிள்ளை வருமோ வராதோ, அறியேன். கௌசல்யாவை நோக்கி இனி எவன் விரல் நீட்டினாலும், முதலில் அவன் கடைக் குழாயைப் போய்ப் பார்ப்பேன்!

தலைவர் துண்டுச்சீட்டு தருகிறார்; முடிக்கிறேன். ஒரே ஒரு சந்தேகம். இந்த ஜெனரேட்டர் குழாய் எந்தப் பக்கம் பார்த்திருக்கிறது? நம் விருந்துக்குச் சமையல்காரர்கள் காய் நறுக்கும் பக்கமா? "பின்னே, மேடைப் பக்கமா வைக்க முடியும்?" என்கிறீர்களா? நிறுத்துங்கள் அதை! மைக் போனால் போகட்டும். மண்டியில் கத்திப் பழகிய தொண்டை இது. வன்னியபெருமாள், நீங்களே போய் நிறுத்துங்கள்.

நின்றுவிட்டதா? கடைசி வரிசைக்குக் கேட்கிறதா? கேட்கிறதல்லவா! இதற்காகவா அவர்களைப் புகை குடிக்க வைத்தோம்? பொறுமையோடு கேட்ட உங்களுக்கு நன்றி. பின்பக்கம் நிற்பவர்களுக்கு என் முதல் வணக்கம்!