கருப்பண்ணக் கவுண்டர் காருக்கு ஏறிய போதை

முனிராஜ்: செத்துப் போச்சுன்னு நான் சொல்லலீங்க. மயங்கிக் கெடக்குதுன்னுதான் சொன்னேன்.

கவுண்டர்: காரு எப்படிய்யா மயங்கும்? நீ மேஸ்திரியா, நாட்டு வைத்தியனா?

முனிராஜ்: பதினெட்டு வருசமா காருக்குக் கீழ படுத்துக் கெடக்கறனுங்க. மனுசன் மூஞ்சியப் பாத்ததவிட இஞ்சினப் பாத்ததுதான் அதிகம். அதுக்கும் நாடி இருக்குது.

கவுண்டர்: நாடி பாத்தது போதும் முனிராசு. நாளைக்குக் காலைல பத்து மணிக்குப் பொம்மிடி டேசன்ல சேலத்து மதுவிலக்குத் துரை எறங்கறாரு. அவர இந்தக் காருல ஏத்தியாந்து நம்ம பந்தல்ல எறக்கோணும். சுத்துப்பட்டு பத்து ஊருக்கும் மதுவிலக்குக் கமிட்டி பிரசிடெண்டு நான். நாலு வருசமா இங்க ஒரு சொட்டுக் கெடையாதுன்னு எழுதி அனுப்பியிருக்கேன். அதுக்குத்தான் மால போட வர்றாரு. மால வந்து, காரு வரலேன்னா என் மானம் என்னாவறது?

முனிராஜ்: காலைலன்னா கஷ்டமுங்க. காலைல அது எந்திரிக்கவே எந்திரிக்காது.

கவுண்டர்: ஏன்?

முனிராஜ்: எப்படிச் சொல்றதுன்னு பாக்கறேன்... உங்க டிரைவர் தீர்த்தன் எங்கீங்க?

கவுண்டர்: தோரணத்துக்குத் தழ வெட்டறேன்னு வத்தல்மல ஏறிட்டான். நீ காருக்குள்ள தலைய வுட்டே, அவன் மலப்பக்கம் தலைய வெச்சான்.

முனிராஜ்: போறதுக்கு முந்தி நாலு வார்த்த கேட்டு வச்சேனுங்க. மூணு மாசமாவே இப்பிடித்தானாம். காலைல ஹாண்டில் போட்டு நாப்பது சுத்து சுத்துனாத்தான் கண்ணத் தொறக்குதாம். தொறந்ததும் கையுங்காலும் நடுக்கமாம். வெயிலேறினா சரியாப் போவுதாம். ஒரு காலன்ல போன தூரத்துக்கு இப்ப ஒண்ணேகால் காலன் கேக்குதாம். அதுக்கு மேல, டாங்குல பத்து வருசமாப் பேசாமப் படிஞ்சு கெடந்த அழுக்கெல்லாம் கெளம்பி வந்து குழாய அடைக்குது. உள்ள இருந்த பழசையெல்லாம் வெளிய கொட்டுதுங்க. இதெல்லாம் சேத்துப் பாத்தா உங்களுக்கு என்ன தோணுது?

கவுண்டர்: வயசாயிப் போச்சுன்னு தோணுது.

முனிராஜ்: எனக்கு எங்க சித்தப்பன் ஞாபகம் வந்துதுங்க.

கவுண்டர்: அவருக்கு என்ன?

முனிராஜ்: குடி.

கவுண்டர்: ...மெதுவாப் பேசுய்யா. அடுப்படில எம் பொஞ்சாதிக்குக் கேக்கும்.

முனிராஜ்: காரு குடிச்சா அடுப்படிக்கு என்னங்க?

கவுண்டர்: காரு குடிக்காது. மதுவிலக்குப் பிரசிடெண்டு காரு அது.

முனிராஜ்: நானும் அப்பிடித்தான் நெனச்சேன். சந்தேகம் தீரட்டும்னு ஒரு சீசால உங்க பெட்ரோல் அரை சீசா ஊத்தி, தண்ணி கால் சீசா ஊத்திக் குலுக்கி வெச்சேன். பெட்ரோல் மேல, தண்ணி கீழ. நியாயமாப் பாத்தா கால் சீசாத் தண்ணி கால் சீசாவாத்தான் நிக்கோணும். நீங்களே பாருங்க, ரெண்டு வெரக்கடை ஒசந்திருக்குது. தண்ணி குட்டி போடுமுங்களா?

கவுண்டர்: போடாது.

முனிராஜ்: பெட்ரோலோட கலந்து கெடந்த சாராயம், தண்ணியக் கண்டதும் இங்க வந்து ஒட்டிக்கிச்சு.

கவுண்டர்: செர்மன் சண்டக்காலமாச்சே, பெட்ரோலே கூப்பனுக்குத்தான்... வடக்க சர்க்காரே கரும்பு ஸ்பிரிட்ட பெட்ரோல்ல கலக்கறாங்களாம். பேப்பர்ல படிச்சேன். அதா இருக்கும்.

முனிராஜ்: அது மருந்து போட்ட ஸ்பிரிட்டுங்க, நாத்தமா இருக்கும். இதுல வெல்லமும் வேலம்பட்டையும் மணக்குது. வத்தல்மல மணமுங்க. மோந்து பாக்கறீங்களா?

கவுண்டர்: எனக்கு எப்பிடித் தெரியும், எந்த மல மணம்னு?

முனிராஜ்: அதுவுஞ் செரிதான். அரூர் ரோட்டுல ஒரு லாரிக்கு இதே சீக்கு வந்துதுங்க. கூப்பன் பத்தலேன்னு அதோட மொதலாளி மலச் சரக்கக் கலந்து ஓட்டுனாரு. மொதல்ல நல்லாத்தான் இருந்துது. பொறவு பாத்தா, தெனமும் சாயங்காலம் ஆறு மணிக்கு ஒரே எடத்துல நின்னுக்கும். பத்துப் பேர் தள்ளுனாலும் நவுராது. அது என்ன எடம்னு விசாரிச்சா, சட்டம் வர்றதுக்கு முந்தி கள்ளுக்கட இருந்த எடமாம். லாரிக்கு எப்பிடித் தெரியும், பழக்கம் டிரைவருக்குத்தான்னு கிளீனர் சொன்னான். டிரைவர் கற்பூரம் அடிச்சுச் சத்தியம் பண்ணுனாரு, தான் பிரேக்குல காலே வெக்கலேன்னு. அரை மணி நேரம் நிக்குமுங்க. ஒரு பெருமூச்சு வுடும். அதுவாக் கெளம்பிப் போயிடும்.

கவுண்டர்: அதுக்குக் கேசு ஆச்சா?

முனிராஜ்: ஆவல. 'குடிக்கும் எவரும்'னுதான் சட்டத்துல போட்டிருக்குதாம். 'எவரும்'ல லாரி வருமான்னு மேலிடத்துக்கு எழுதிக் கேட்டிருக்காங்க. இன்னும் பதில் வரலீங்க.

கவுண்டர்: நாளைக்குத் துரை பின்னாடி சீட்டுல உக்காருவாரு. புகையில இந்த மணம் வந்துதுன்னா... முனிராசு, நான் கூப்பன் சேத்து வெச்சிருக்கேன். டாங்கக் கழுவி வுடு, புதுப் பெட்ரோல் ஊத்தலாம். காரு எந்திரிக்குமா?

முனிராஜ்: எந்திரிக்காதுங்க. உள்ளுக்குள்ள ஒரு தக்கை மூழ்கிப் போச்சு.

கவுண்டர்: என்ன தக்கை?

முனிராஜ்: கார்பரேட்டருக்குள்ள ஒரு தக்கை பெட்ரோல்ல மெதந்துக்கிட்டு இருக்கும். பெட்ரோல் ஏறுனா அதுவும் ஏறி, போதும்னு கதவச் சாத்தும். அந்தத் தக்கை ஊறக் கூடாதுன்னு மேல அரக்குப் பூசியிருப்பாங்க. பெட்ரோலுக்கு அரக்கு அசையாது. சாராயம் பட்டாக் கரைஞ்சிரும். அரக்குப் போச்சு, தக்கை குடிச்சுது, முங்குச்சு. இப்ப போதும்னு சொல்ல உள்ள ஆளில்லீங்க. வர்றதையெல்லாம் இஞ்சின் குடிச்சுக்கிட்டே கெடக்குது.

கவுண்டர்: அப்ப அந்தத் தக்கையக் காய வெச்சு, திரும்ப அரக்குப் பூசு.

முனிராஜ்: வெயில்ல வெச்சிட்டேன். அரக்கும் எங்கிட்ட இருக்குது. ஆனா அத அப்பிடியே பூச முடியாதுங்களே, கரைக்கோணும்.

கவுண்டர்: கரையேன். வெந்நி வேணுமா?

முனிராஜ்: வெந்நில கரையாது.

கவுண்டர்: மண்ணெண்ண?

முனிராஜ்: அதுக்கும் அசையாது. அரக்கு ஒண்ணே ஒண்ணுக்குத்தான் கரையும்.

கவுண்டர்: எதுக்கு?

முனிராஜ்: இப்பத்தான சொன்னனுங்க.

கவுண்டர்: சாராயத்துக்கா?

முனிராஜ்: நல்ல தலச்சரக்கா அரை ஆழாக்கு இருந்தாப் போதும். அரக்கு பாகு மாதிரி ஆயிடும், மூணு தரம் பூசிடுவேன். விடிஞ்சா காரு ரெடி. ஆனா நாலு வருசமா ஒரு சொட்டுக் கூட இல்லாத ஊராச்சே. துரைக்கு வேற எழுதிக் குடுத்துட்டீங்க. செரிங்க, நான் பெட்டியக் கட்டறேன்...

கவுண்டர்: இரு. இரு முனிராசு. ஒரு மாடு இருக்குது.

முனிராஜ்: மாடுங்களா?

கவுண்டர்: அதுக்குக் குளம்புல புண்ணு. தடவறதுக்குன்னு தீர்த்தன் எப்பவோ ஒரு தகரத்துல மருந்து கொண்டாந்து வெச்சான். அதுல ஒரு வேள... அந்த மாதிரி சமாச்சாரம் கலந்திருக்கும்னு ஒரு சந்தேகம்.

முனிராஜ்: தீர்த்தன் கொண்டாந்த தீர்த்தம்.

கவுண்டர்: மருந்துய்யா. அந்தத் தவுட்டு மூட்டைக்குப் பின்னால பாரு. பெட்ரோல் தகரம். சத்தமில்லாம எடு.

முனிராஜ்: மாட்டு மருந்துக்குப் பக்கத்துல டம்ளர் இருக்குதுங்க.

கவுண்டர்: அளந்து தடவோணுமில்ல.

முனிராஜ்: ஊறுகாயும் இருக்குது.

கவுண்டர்: அரக்கக் கரைய்யா மொதல்ல.

முனிராஜ்: கரைக்கறேன்... ஊத்திட்டேன்... கலக்கறேன். ஏனுங்க, கரையலியே.

கவுண்டர்: நல்லாக் கலக்கு.

முனிராஜ்: அரக்கு, ஆத்துல போட்ட கூழாங்கல்லாட்டம் உக்காந்திருக்குது. ஒரு தீக்குச்சி கிழிச்சுப் பாக்கலாம்... பாத்தீங்களா, நெருப்பே அணைஞ்சு போச்சு. வாசன கொஞ்சம் இருக்குதுங்க, வாசனையோட செரி. கவுண்டரே, இது தண்ணி.

கவுண்டர்: தண்ணியா? யாரப் பாத்துச் சொல்ற? வத்தல்மலைல மொதச் சொட்டு எறங்கறப்பவே புடிச்சது. நேத்து சாயங்காலம் ரெண்டே டம்ளரு. தலை கிர்ருனு சுத்திச்சு.

முனிராஜ்: யாருக்குங்க?

கவுண்டர்: ...மாட்டுக்கு.

முனிராஜ்: தடவுனதுக்கா?

கவுண்டர்: நக்கிருச்சு. நடக்க முடியாம தள்ளாடிச்சு. தூணப் புடிச்சுக்கிட்டு அரை நாழி நின்னுது.

மாதம்மாள்: அந்த மாடு மூணு மாசமா கெணத்துத் தண்ணியத்தானுங்க குடிக்குது.

கவுண்டர்: மாதம்மா... நீ எப்ப வந்தே?

மாதம்மாள்: மோர் கொண்டாந்தேன். தூணப் புடிச்ச எடத்துல வந்தேன். இந்தாங்க மேஸ்திரி, மோரு.

முனிராஜ்: குடுங்கம்மா.

கவுண்டர்: கெணத்துத் தண்ணின்னா?

மாதம்மாள்: வெள்ளிக்கெழமைக்கு வெள்ளிக்கெழம, தீர்த்தன் கொண்டாற புதுச் சரக்குல ஒரு படி எடுத்துக் காருக்கு ஊத்துனேன். எடுத்த அளவுக்குத் தகரத்துல தண்ணி. ஒரேயடியா மாத்துனா நாக்குக் கண்டுபுடிச்சிரும்னு கொஞ்சங் கொஞ்சமா. போன மாசத்துல இருந்து சரக்கு முச்சூடும் காருக்கு, தகரம் முச்சூடும் தண்ணிதான்.

கவுண்டர்: அப்ப நான் தள்ளாடுனது?

மாதம்மாள்: அது உங்க தெறம.

கவுண்டர்: என் காருக்கு எதுக்கடி சாராயம்?

மாதம்மாள்: நீங்க கூப்பனையெல்லாம் துரைக்குன்னு பொட்டில பூட்டி வெச்சிட்டீங்க. வெள்ளிக்கெழம பொழுதுக்கும் மாட்டு வண்டி கட்டிக் கமிட்டிக்குப் போயிடறீங்க. எனக்குப் பொம்மிடிப் பக்கம் போகோணும். இருக்கற பெட்ரோல் பத்தல. தீர்த்தனக் கேட்டேன். அவன் மேஸ்திரியக் கேட்டான்.

கவுண்டர்: முனிராசு... நீயுமா?

முனிராஜ்: அளவு மட்டுந்தானுங்க சொன்னேன். அஞ்சுக்கு ஒண்ணு, அதுக்கு மேல வேணாம்னேன். அம்மாவுக்குக் கூட்டம் அதிகமாவ, கை கொஞ்சம் தாராளமாயிடுச்சு. தண்ணி ஊத்தி நெரப்புனது சத்தியமா எனக்குத் தெரியாது.

கவுண்டர்: என்ன கூட்டம்?

மாதம்மாள்: மேஸ்திரி, நல்ல சரக்குல ஒரு சீசா தனியா எடுத்து அரிசிப் பானைக்குள்ள வெச்சிருக்கேன். அரக்குக்கு அது போதுமில்ல?

முனிராஜ்: தாராளமுங்க. ரெண்டு காருக்குப் பூசலாம்.

கவுண்டர்: என்ன கூட்டம்னு கேட்டேன்.

மாதம்மாள்: மதுவிலக்குக் கூட்டந்தான். பொம்பளைங்க கூட்டம். பதினோரு ஊர்ல பேசியிருக்கேன்.

கவுண்டர்: என் சாராயத்த ஊத்திக்கிட்டுப் போயி சாராயத்துக்கு எதுத்துப் பேசுனியா?

மாதம்மாள்: வேற எத ஊத்தறது?

கவுண்டர்: செரி... போவட்டும். நடந்தது நடந்துபோச்சு. இது இந்தக் கொட்டாயத் தாண்டக் கூடாது. முனிராசு, உனக்குந்தான். நாளைக்குத் துரை என் கழுத்துல மால போடறப்ப...

மாதம்மாள்: மால எனக்குங்க.

கவுண்டர்: என்னது?

மாதம்மாள்: எங்க வூட்டுக்காரர் மொடாக் குடி, இப்பக் கொஞ்ச நாளா ஒரு சொட்டும் உள்ள போறதில்லேன்னு கூட்டத்துக்குக் கூட்டம் சொன்னேன். பொய் இல்லியே. அது சேலம் வரைக்கும் போயிருச்சு. குடிகாரப் புருசனத் திருத்துன பொம்பளையப் பாக்கத்தான் துரை வர்றாரு.

கவுண்டர்: அப்ப... மேடைல எனக்கு என்ன வேல?

மாதம்மாள்: திருந்துனவரு யாருன்னு துரை கேப்பாரு. எந்திரிச்சு நில்லுங்க, போதும்... தள்ளாடாம.