நீளக்கைச் சட்டை

கொட்டாஞ்சேனையில் நான் ஏறிய பஸ் காலிமுகத்திடலில் ஊர்ந்துகொண்டிருந்தது. கடற்காற்றில் கண் செருகியது. தூரத்துக் கப்பல்கள் வானத்தில் நிற்பதுபோல் தெரிந்தன. அப்போதுதான் முன்சீட்டிலிருந்து ஒரு பெண்ணின் குரல் கேட்டது.

“பூசைக்கு வந்த ஆக்கள் எல்லாரும் மெச்சினவை அக்கா, அதில நான் ஏமாந்திட்டன்.”

“என்னத்தை மெச்சினவை?”

“ஓ/எல் சோதினைக்குப் படிக்கிற என்ர மகள் இந்த வெக்கையிலயும் நீளக்கைச் சட்டை போடுறதை. அடக்கமான பிள்ளை எண்டு சொல்லச் சொல்ல எனக்குப் பெருமை. இன்னும் ரெண்டு சட்டை நானே தைச்சும் குடுத்தனான்.”

நான் கண்ணை மூடிக்கொண்டேன். விழித்திருப்பது தெரிந்தால் பேச்சை நிறுத்திவிடுவார்கள்.

“பிறகு டீச்சர் கூப்பிட்டு, பிள்ளை தன்ர கையைத் தானே காயப்படுத்துறாள் போல, கேட்டுப் பாருங்கோ எண்டா. வீட்டில இவர் கேக்கவேண்டாம் எண்டார். கேட்டா, இல்லாத நினைப்பை நாங்களே மண்டைக்குள்ள போட்ட மாதிரி ஆகிடுமாம்.”

“நீ கேட்டியா?”

“ஓம். நேற்று உடுப்பு மடிக்கேக்க கேட்டன். சாகவேணும் எண்டும் நினைக்கிறியா எண்டு நேராவே கேட்டன். இண்டைக்கு ஸ்கூல் விட்டதும் வெள்ளவத்தையில டொக்டரிட்டக் கூட்டிக்கொண்டு போறன்.”

“கேட்டதுக்குக் கோவிச்சாளா?”

“இல்லை அக்கா. கன நேரம் மடியில படுத்திருந்தாள். பிறகு சொன்னாள், ‘அம்மா, நீங்க கைக்கு அளவெடுக்கேக்கயே கேப்பீங்க எண்டு பாத்துக்கொண்டு நிண்டனான்.’”